வடிவு மில்லின் டின் வரிசை

தனுஷ்கோடி சார் இருபத்தாறு வருஷமாகக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர். கரும்பலகையில் அவர் ஒரு படம் போட்டால் அதை அழிக்கப் பிள்ளைகளுக்கே மனசு வராது. கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்டு, மார்கழிக் கோலம் மாதிரி இருக்கும்.

அன்றைக்குக் கியூ பாடம். முதலில் வந்தவருக்கு முதலில் வேலை, கடைசியில் வந்தவருக்குக் கடைசியில் வேலை. அவ்வளவுதான் கியூ. சார் அதை முக்கால் மணி நேரம் நடத்துவார். கேட்கக் கேட்க அலுக்காது.

மூன்றாம் பெஞ்சில் முப்பிடாதி என்று ஒரு பிள்ளை. கை தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"நீங்க எழுதின புரோகிராமை வச்சு யாராவது வேலை பார்த்திருக்காங்களா சார்?"

பிள்ளைகள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கேலி இல்லை அது. அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

சார் இருபத்தாறு வருஷத்தையும் மனசுக்குள் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். பரீட்சைக்கு எழுதினது இருக்கிறது. பாடத்துக்கு எழுதினது இருக்கிறது. எல்லாம் ஒரு தடவை ஓடும், சரியாக இருக்கும், மூடி வைத்துவிடுவார். இன்னொரு மனுஷர் அதை வைத்து ஒரு வேலை பார்த்தார் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

"இல்லம்மா," என்றார்.

அதோடு விட்டிருந்தால் கதை இல்லை. மனுஷர் ரோஷக்காரர். கையில் இருந்த சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான் எழுதின ஒண்ணை வச்சு ஒரு நாள், ஒரே ஒரு நாள், கடை திறந்ததுலேர்ந்து அடைக்கிற வரைக்கும் யாராவது வேலை பார்க்கணும். அதுவரைக்கும் இந்தச் சாக்பீஸ் போர்டுல படாது. தீபாவளி லீவு முடிஞ்சு வர்ற திங்கக்கிழமைக்குள்ள நடக்கலைன்னா, இந்தப் பாடத்துக்கு வேற ஆள் வருவாங்க."

பிள்ளைகள் பதறிப்போனார்கள். முப்பிடாதிக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், நான் சும்மா கேட்டேன் சார்."

"நான் சும்மா சொல்லலையே."

மணி அடித்ததும் அவள் வராந்தாவில் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"சார், கயத்தாறுல எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல ஒரு மாவு மில்லு. வடிவக்கா மில்லு. அவுக எழுதினத வச்சு ஊரே வேலை பார்க்கு சார். தண்ணி லாரிக்காரர், தையக்கடைக்காரர், எல்லாரும்."

"என்ன படிச்சிருக்காங்க?"

"பத்தாவது சார்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் மாவு அரைச்சாக."

சார் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கயத்தாறுக்குப் பஸ் ஏறினார்.

வடிவுக்கு முப்பது வயசு இருக்கும். தலையில் துண்டு, புருவத்தில் மாவு. மில்லில் இரண்டு மெஷின். பெரிய மெஷின் அரிசி, கோதுமைக்கு. சின்ன மெஷின் மிளகாய் வத்தல், மல்லிக்கு. சுவரில் ஒரு பழைய டிவி. அதற்குக் கீழே, பாலித்தீன் பை போர்த்திய ஒரு லேப்டாப்.

வாசலில் இருந்து மெஷின் வரைக்கும் டின்கள் வரிசையாக நின்றன. எண்ணெய் டின், பிஸ்கட் டின், எவர்சில்வர் தூக்கு, மூடி போன ஒரு பெயிண்ட் வாளி. ஆள் ஒருவர்கூட இல்லை. டின்னை வரிசையில் வைத்துவிட்டுச் சனம் பஜாருக்குப் போய்விடும். மாவு தயாரானதும் அவரவர் போன் அடிக்கும். அந்த அடிக்கிற ஏற்பாடு வடிவு எழுதினது.

"வாங்க சார். முப்பிடாதி போன் பண்ணிச்சு. உக்காருங்க. அய்யோ, அந்த மூடை மேல வேண்டாம், அது வத்தல். எந்திரிக்கையில தெரியும்."

சார் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்குப் புரோகிராம் சொல்லித்தரணும்."

"நீங்க எனக்கா, நான் உங்களுக்கா?"

"நீங்க எனக்கு. இன்னைலேர்ந்து உங்களை டீச்சர்னுதான் கூப்பிடுவேன்."

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்க டீச்சர்ங்கையில எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது சார்."

"நீங்க சார்ங்கும்போது எனக்கும் இனிமே அப்படித்தான் வரும்."

"சரி, ரெண்டு பேரும் சிரிச்சுக்கிடுவோம்," என்றாள். "நம்ம மில்லுல எல்லாம் எழுதிட்டேன். அடுத்து எந்த டின்ன எந்த மெஷின்ல போடணும்ங்கது மட்டும் எழுத வரல. அது என் தலைக்குள்ள கிடக்கு. எனக்குக் காய்ச்சல்னா மில்லும் சேந்து படுத்துக்கிடுது. அத எழுதித் தாங்க."

"வரிசையா வர்ற டின்னு. ரெண்டு மெஷின். இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முக்கால் மணி நேரம் நடத்துகிற பாடம் அல்லவா!

"ரெண்டு மூணு நாள் நின்னு பாத்துட்டு எழுதுங்க சார்."

"எதுக்கு டீச்சர்? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

நாலு மணிக்கே முடித்துவிட்டார். வடிவு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். திரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக விரல் தடம்.

"எம்புட்டு அழகா இருக்கு! நான் எழுதினா இடியாப்பம் மாதிரி சிக்கிக் கிடக்கும். இது நூல் பிடிச்ச மாதிரி இருக்கு சார்."

"தப்பு ஏதாவது?"

"எழுதினதுல தப்பு இல்ல," என்றாள். "நாளைக்கு ஒன்பதுலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் கரண்டு கிடையாது. மாசா மாசம் நிப்பாட்டுவாகல்லா, அது. அதுக்கு முன்னால, காலையில ஆறு மணிக்கு வாங்க. நம்ம டின்ன வச்சே ஓட்டிப் பாப்போம். ஒண்ணும் சாப்பிட்டுட்டு வந்துராதீக."

மறுநாள் ஆறு மணிக்கு வடிவின் மூன்று சொந்த டின்கள் வரிசையில் நின்றன. முதல் டின்னில் வத்தல். இரண்டாவதில் கோதுமை. மூன்றாவதில் பச்சரிசி.

சார் எழுதினது டிவியில் ஓடியது. முதலில் வந்தது முதலில். எந்த மெஷின் காலியோ அந்த மெஷினுக்கு. வத்தல் பெரிய மெஷினுக்குப் போனது. கோதுமை சின்னதற்குப் போனது. வத்தல் முடிந்து பெரிய மெஷின் காலியானதும் பச்சரிசி அதற்குப் போனது.

"ஸ்கிரீன்ல பெரிய மெஷின்னு வருது சார். போடட்டா?"

"போடுங்க டீச்சர். ஒரு நிமிஷம்கூட மெஷின் சும்மா நிக்கலை, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

மூலையில் ஒரு சின்ன ஸ்டவ். வடிவு அந்தப் பச்சரிசி மாவை உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, தேங்காய் போட்டுக் குழாயில் அடைத்துப் புட்டு அவித்தாள். ஆவி பறக்கத் தட்டில் தள்ளினாள். புட்டு இளஞ்சிவப்பாக இருந்தது.

"கேழ்வரகா?"

"பச்சரிசி சார். சாப்பிடுங்க."

சாருக்கு நல்ல பசி. முதல் வாய் போனது. இரண்டாவது வாய் போனது. மூன்றாவது வாய்க்குக் கை எழும்பவில்லை. காது இரண்டும் சூடேறி, கண்ணில் தண்ணீர் கொட்டி, விக்கல் ஒன்று கிளம்பியது பாருங்கள், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விட்டது.

"எப்படி சார் இருக்கு உங்க கியூ?"

சார் தண்ணீரைக் குடித்தார். நாட்டுச் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் விக்கியது, விக்கினால் சிரிப்பு வந்தது. வடிவு ஸ்டவ்வைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"புத்தகத்துல அப்படித்தான் டீச்சர் போட்டிருக்கு. எது காலியோ, அதுக்கு."

"புத்தகத்துல மெஷினு கழுவித் துடைச்ச மாதிரி இருக்கும் சார். நம்ம மெஷினு முன்னால போனத மறக்காது. உள்ளயே வச்சிருக்கும்."

பெரிய மெஷினை யார் கழுவுவது என்று அவள் கேட்கவில்லை. சாரே வேட்டியை மடித்துக் கட்டினார். கரண்டும் போனது. மூடியைக் கழற்றினார்கள். உள்ளே வட்டமாக இரண்டு கல்.

"திறந்ததுதான் திறந்தோம், கல்லையும் கொத்திருவோம்," என்று சின்ன உளியும் சுத்தியலும் கொடுத்தாள். அரைத்து அரைத்துக் கல் வழுக்கையாகிவிட்டால் மாவு நைசாக விழாது, சூடாகிப்போகும். உளி வைத்துப் பொளிந்து சொரசொரப்பாக்க வேண்டும்.

சார் ஒரு கல்லைக் கொத்தி முடித்தார். நிமிர்ந்தார். முதுகு முறிந்த மாதிரி இருந்தது.

"இந்த இன்னொரு கல்லு சுத்துமா டீச்சர்?"

"சுத்தாது. அது அப்படியே இருக்கும். அதுக்கு எதிர்த்தாப்லதான் இது சுத்தும்."

"சுத்தாத கல்லை எதுக்குக் கொத்தணும்?"

"கொத்தாம மாட்டிப் பாருங்க."

சார் அதையும் கொத்தினார்.

அன்றைக்கு ராத்திரி லாட்ஜ் அறைக்குப் போனதும் பையில் இருந்த புத்தகங்களை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மறுநாள் வந்து வடிவிடம் சொன்னார்.

"புத்தகமே வீண் டீச்சர். இருபத்தாறு வருஷம் வீண்."

"அப்படியா சொல்லுதீக," என்றாள் வடிவு.

அதற்கப்புறம் சார் மில்லிலேயே கிடந்தார். மூடை தூக்கினார். சலித்தார். இன்னார் டின் இன்னது என்று மூடியைப் பார்த்தே சொல்லப் பழகினார். வாடிக்கைக்காரி ஜன்னத் கொண்டுவருகிற சத்துமாவுக்குப் பொட்டுக்கடலையைத் தனியாக அரைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார். மஞ்சள் அரைத்தால் சட்டை போச்சு என்று தெரிந்துகொண்டார். தெரிந்ததை எல்லாம் ஒவ்வொரு வரியாக எழுதிச் சேர்த்தார். வத்தல் என்றால் சின்ன மெஷின். பச்சரிசி என்றால் பெரிசு. மஞ்சள் என்றால் கடைசி. ஜன்னத் என்றால் பொட்டுக்கடலை தனி. இப்படியே நூற்றுச் சொச்சம் வரி.

திங்கட்கிழமை காலையில் ஓட்டினார்கள். பத்து மணிக்குக் கரண்டு போய் வந்தது. டிவியைப் போட்டால், 'வரிசையில் யாரும் இல்லை' என்று வந்தது. முப்பது டின் எதிரே நின்று சாரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்ன சார், உங்களுக்கு யாரும் தெரியலையாம்?"

"மறந்துடுச்சு டீச்சர்," என்று தலையைச் சொறிந்தார். தலையெல்லாம் மாவு.

"டின்னு மறக்கல. தரையப் பாத்து மறுபடி எழுதுங்க."

அந்த நாள் கணக்கில் சேரவில்லை. ஒவ்வொரு டின் வந்ததும் போனதும் உடனே பத்திரமாகப் பதிகிற மாதிரி மாற்றினார். செவ்வாய்க்கிழமை ஒருத்தி ஒரே டின்னில் அடியில் கோதுமையும், நடுவில் காகிதம் வைத்து, மேலே வத்தலுமாகக் கொண்டுவந்தாள். அதுவும் போச்சு. புதன் ஒன்று, வியாழன் ஒன்று. கடைசியில் வெள்ளிக்கிழமை மட்டும் பாக்கி. சனிக்கிழமை தீபாவளி. மில் இரண்டு நாள் அடைப்பு. திங்கட்கிழமை வகுப்பு.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வடிவு ஷட்டரைத் தூக்கினாள். டின் வரிசை தெரு முக்கு வரைக்கும் நின்றது. சார் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தீபாவளிக்கு அதிரசத்துக்கு என்று ஈர அரிசி வரும். ஊறவைத்து உலர்த்திக் கொண்டுவருவார்கள். அது காத்திருந்தால் புளித்துப்போகும். அதனால் ஈர அரிசி வந்தால் அதற்கு முதல் இடம். சார் அந்த வரியும் எழுதியிருந்தார். என்ன அழகாக ஓடியது! டிவியில் பேர் வருகிறது, டின் போகிறது, போன் அடிக்கிறது. வடிவு ஒரு வார்த்தை கத்தவில்லை. "தீபாவளிக்கு முந்தின நாள் எனக்குத் தொண்டை கட்டாம இருக்கது இதுதான் முதல் தடவை சார்," என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு மரியபுஷ்பம் வந்து நின்றாள். காலை ஏழரைக்கே கோதுமை டின் வைத்துவிட்டுப் போனவள். போன் அடிக்கும், அடிக்கும் என்று பார்த்து, அலுத்துப்போய் நேரிலேயே வந்துவிட்டாள்.

"ஏ வடிவு, என் டின்னு எங்கட்டி?"

"அந்தா நிக்கில்லாக்கா, வரிசையில."

"அது நிக்கது எனக்குந் தெரியும். எனக்குப் பின்னால வந்தவ அரைச்சு, வீட்டுக்குப் போயி, அதிரசம் சுட்டு, எனக்கே ரெண்டு கொண்டாந்து குடுத்துட்டா. என் கோதுமை இன்னும் நிக்கி!"

"ஈர அரிசிக்கா. புளிச்சுப்போகும்."

"தீபாவளி உங்களுக்கு. வயிறு எங்களுக்கும் இருக்கு. மாமா சுகர்காரரு, ராத்திரிக்குச் சப்பாத்தி இல்லன்னா என்னைத்தான் சுடுவாரு." டிவியை அண்ணாந்து பார்த்தாள். "இதுக்குள்ள யாரு இருக்கா? அவன வெளிய வரச்சொல்லு."

சார் லேப்டாப்புக்குப் பின்னால் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து இன்னும் மூன்று ஈர அரிசி வந்தது. டிவி மூன்றையும் முன்னால் கூப்பிட்டது. மரியபுஷ்பம் ஒரு நாற்காலியை இழுத்து டிவிக்கு நேரே போட்டு உட்கார்ந்துவிட்டாள். "பேரு வார வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

வடிவு சார் காதில் மெல்லச் சொன்னாள். "வருஷா வருஷம் இப்படித்தான் சார். யாராவது மாட்டிக்கிடுவாக. நான் கையால எடுத்துப் போட்டுருவேன். போடட்டா?"

கையால் போட்டால் காரியம் முடிந்தது. மரியபுஷ்பம் வீட்டில் சப்பாத்தி. ஆனால் வடிவு கைவைத்த நாள் சார் எழுதினது ஓடின நாள் ஆகாது. சாக்பீஸ் பையிலேயே இருக்கும்.

"ஒரு நிமிஷம் டீச்சர்."

'மரியபுஷ்பம் என்றால் முதலில்' என்று ஒரு வரி எழுதப் போனார். எழுதும்போதே வரிசையைப் பார்த்தார். மரியபுஷ்பம் மட்டும் இல்லை. கேழ்வரகு ஒன்று, கம்பு ஒன்று, இட்லிப்பொடிக்கு உளுந்து ஒன்று என்று ஈரமில்லாத டின் ஏழு எட்டு, காலையில் இருந்து அப்படியே நின்றன. இதற்குத் தனி வரி, அதற்குத் தனி வரி என்று எத்தனை எழுதுவது? கை நின்றுவிட்டது.

நின்ற இடத்தில் அவருக்கு ஒரு படம் தெரிந்தது. அவர் போட்ட படம்தான். கட்டம் கட்டமாக ஒரு வரிசை. அவசரக்காரர்கள் வந்து வந்து முன்னால் நுழைய, கடைசிக் கட்டத்தில் ஒருவர் மட்டும் என்றைக்கும் நகராமல் நிற்பார். அவருக்கு என்ன வழி? பதினாறு மார்க் கேள்வி. இருபத்தாறு வருஷமாக அதற்கு மார்க் போட்டுக்கொண்டு வருகிறார். அந்தப் பதினாறு மார்க் கேள்வி இப்போது நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறது.

"அய்யோ!" என்றார் சார்.

"என்ன சார், சுட்டுருச்சா?"

"இதுவா அது!"

ஈர அரிசி வரியையும் அதைச் சுற்றி எழுதின நாற்பது வரியையும் அழித்தார். அந்த இடத்தில் மூன்று வரி எழுதினார். வந்த சரக்கைப் பார்த்து ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு மதிப்பு. காத்திருக்கிற ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் அந்த மதிப்பு ஒரு படி ஏறும். எது உயரமோ அதற்கு இடம். அவ்வளவுதான். கடைசிப் பொத்தானைத் தட்டினார்.

டிவி ஒரு நொடி கறுத்தது. மரியபுஷ்பம், "என்ன, செத்துப்போச்சா?" என்று எழுந்தாள். அவள் எழவும் எழுத்து வரவும் சரியாக இருந்தது.

'மரியபுஷ்பம். கோதுமை. பெரிய மெஷின்.'

மில்லில் நின்ற அத்தனை பேரும் கை தட்டிவிட்டார்கள். வடிவு ஒரு பிடி தவிட்டைப் போட்டு மெஷினை ஓட்டிச் சுத்தம் பண்ணிவிட்டு, கோதுமையைக் கொட்டினாள். அடுத்தது ஈர அரிசி. அதற்கடுத்தது கம்பு. அப்புறம் ஈர அரிசி. அப்புறம் உளுந்து. எதுவும் புளிக்கவில்லை, எவரும் மாட்டிக்கொள்ளவும் இல்லை.

மரியபுஷ்பம் சூடான மாவு டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உள்ள இருந்தது யாருட்டி?" என்று கேட்டாள்.

வடிவு சாரைக் காட்டினாள்.

"பாக்க நல்ல மனுஷனாத்தான் இருக்கீக," என்றாள் மரியபுஷ்பம். "பிறகு ஏன் என்னை நாலரை மணி நேரம் நிக்க வச்சீக?"

சார் எழுந்து நின்று கும்பிட்டார்.

கொஞ்சம் கூட்டம் குறைந்ததும் வடிவு வந்து அந்த மூன்று வரியையும் பார்த்தாள். விரல் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"எட்டு வருஷம் தொண்டை கிழியக் கத்திச் சமாளிச்சிருக்கேன் சார். இத யாரு கண்டுபிடிச்சா?"

"யாரோ. புத்தகத்துல இருக்கு. நான் வருஷா வருஷம் நடத்துறதுதான்."

"பிறகு ஏன் முதல்லயே எழுதல?"

"இதுதான் அதுன்னு இன்னைக்குத்தான் டீச்சர் எனக்குத் தெரியும்."

வடிவு அந்த மூன்று வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் மாறவும்தான் எழுந்து போனாள்.

ஆறு மணிக்குத் தெருவில் வெடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வரிசையில் ஒரு டின்கூட இல்லை. வடிவு கையைத் தட்டிவிட்டு ஷட்டர் கம்பியை எடுத்தாள். அப்போது டிவியில் ஒரு பேர் வந்தது.

'வடிவு. பச்சரிசி. பெரிய மெஷின்.'

"இது என்ன சார்?"

"தெரியலையே. அஞ்சு மணிக்குத்தான் மூலையில ஒரு டின் கண்ணுல பட்டுச்சு. மூடியில வடிவுன்னு போட்டிருந்தது. எல்லாத்தையும் பதிஞ்ச மாதிரி அதையும் பதிஞ்சேன்."

உளுந்து மூடைக்குப் பின்னால், நசுங்கின ஒரு பிஸ்கட் டின். வடிவு அதைத் தூக்கிப் பார்த்தாள். தினமும் காலையில் பழக்கதோஷத்தில் வைப்பாள். தினமும் ராத்திரி அரைக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவாள். யாராவது ஒருவர் அவசரம் என்று வந்து நிற்பார்கள், வடிவு டின்தான் பின்னால் போகும்.

"எங்க வீட்டுல பாக்கெட் மாவு சார்," என்றாள். "மில்லுக்காரி வீட்டுல பாக்கெட் மாவு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்தாள், மாவு முகம் முழுக்க அப்பிக்கொண்டது.

பச்சரிசி அரைபட்டது. ஸ்டவ் எரிந்தது. தட்டில் புட்டு விழுந்தது. பூ மாதிரி, வெள்ளை வெளேரென்று. தேங்காய், நாட்டுச் சர்க்கரை, பழம். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மூடையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சார் உட்காரும் முன்னால் எந்த மூடை என்று மோந்து பார்த்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து வடிவு ஷட்டரை இழுத்தாள். தடதடவென்று இறங்கித் தரையைத் தொட்டது.

சார் சட்டைப்பையில் இருந்து சாக்பீஸை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கையெல்லாம் மாவு. சாக்பீஸ் எது, விரல் எது என்றே தெரியவில்லை.

"ஒண்ணு கேட்கணும் டீச்சர்."

"கேளுங்க சார்."

"படிச்சிட்டுப் பழகணுமா, பழகிட்டுப் படிக்கணுமா? திங்கக்கிழமை அந்தப் பிள்ளை நிச்சயம் கேட்கும்."

வடிவு காலியான பிஸ்கட் டின்னைக் கழுவினாள். தலைத்துண்டை அவிழ்த்து உள்ளேயும் வெளியேயும் துடைத்தாள். மூடியைப் போட்டாள்.

"கிளாஸு எத்தனை மணிக்கு சார்?"

"ஒன்பதரை."

டின்னை அவர் கையில் கொடுத்தாள்.

"இத முன் பெஞ்சுல வச்சிருங்க. பின்னாலயே வாரேன்."

சார் டின்னைப் பார்த்தார். மூடியில் வடிவு என்று எழுதியிருந்தது.

"அப்போ மில்லை யார் பார்ப்பா?"

"கேள்வி கேட்டுச்சுல்லா ஒரு பிள்ளை," என்றாள் வடிவு. "அத இங்க அனுப்பிருங்க."